பழைய கம்ப்யூட்டர் மேல் பழி போடலாமா?

எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தாராவியில் ஓர் அறை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஓர் இரும்பு பீரோ, ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் காமராஜர் படம், மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். 2014-ல் வாங்கியது. தாராவி, சயான், செம்பூர், தாணா, கல்யாண் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்களின் பட்டியல், மாதச் சந்தா வரவு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, சாவுச் செலவு நிதி எல்லாக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது.

2024 மே மாதக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். "கம்ப்யூட்டர் கதை முடிஞ்சுது. பொத்தானை அமுக்கிட்டுக் கீழே போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் திறக்கல. சந்தா ரசீது ஒண்ணு அடிக்கக் கால் மணி நேரம் ஆகுது. கடைக்காரனைக் கூட்டி வந்து காட்டிட்டேன். பத்து வருஷத்து மாடல், பங்கார்ல போடுங்கன்னுட்டான். புதுசு 46,000 ரூபாய். பழசை 1,500-க்கு எடுத்துக்கிறானாம்" என்றார்.

பொருளாளர் அண்ணாச்சி ஓய்வு பெற்ற மில் தொழிலாளி. கணக்கில் காலணா விடமாட்டார். "46,000 ரூபாய்க்கு எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம், தெரியுமாய்யா?" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்" என்றது ஒரு பக்கம். "காசு மரத்துலயா காய்க்குது?" என்றது மறுபக்கம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அது ஏன் மெதுவாப் போகுது?"

"ஏன்னா? பழசாயிட்டுது, தம்பி" என்றார் செயலாளர். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் இருந்த முப்பது பேரும் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அது பதில் அல்ல என்பதுதான் என் வாதம்.

பழசு என்பது ஒரு காரணமா?

நான் ரயில்வேயில் கிளார்க். வண்டி தாமதம் என்றால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பயணி என்ன காரணம் என்று கேட்பார். 'வண்டி பழசு' என்று நாங்கள் சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவார். உண்மையில் தாமதத்துக்கு எப்போதும் குறிப்பான ஒரு காரணம் இருக்கும். பிளாட்பாரம் காலி இல்லாமல் அவுட்டர் சிக்னலில் நிற்கலாம். பாதை வேலை நடக்கிற இடத்தில் மெதுவாகப் போகும்படி டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுத்திருக்கலாம். எஞ்சினில் கோளாறு இருக்கலாம். பிளாட்பாரம் காலி இல்லாததற்கு எஞ்சினை மாற்றி என்ன பயன்?

கம்ப்யூட்டரும் அப்படியே. அதன் மூளை என்று சொல்லப்படும் பிராசசர், வாங்கிய அன்று நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனை கணக்கைப் பத்து ஆண்டு கழித்தும் போடும். மனிதருக்கு வருவது போன்ற தள்ளாமை அதற்கு இல்லை. அப்படியானால் மெதுவாவது எது? ஒன்று, அதன் மேல் நாம் ஏற்றிய சுமை கூடியிருக்க வேண்டும். அல்லது அதனோடு சேர்ந்த இன்னொரு உறுப்பு தேய்ந்திருக்க வேண்டும். அல்லது தூசியும் சூடும் அதை மூச்சு முட்டச் செய்திருக்க வேண்டும். இதில் எது என்று பார்க்காமல் 46,000 ரூபாயை எடுத்து நீட்டுவது, காய்ச்சல் என்று வந்தவனுக்கு நாடி பார்க்காமலே ஆபரேஷன் தேதி குறிப்பது போன்றது.

கிளார்க்குகளுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. நம் ஆபீஸையே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளார்க், அவர் முன்னே ஒரு மேசை, கூடத்தின் கோடியில் ஒரு ரெக்கார்டு ரூம். கிளார்க்தான் பிராசசர். மேசைதான் ராம் என்கிற மெமரி. ரெக்கார்டு ரூம்தான் ஹார்டு டிஸ்க். மேசை பெரிதாக இருந்தால் பத்துக் கோப்பையும் விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். மேசை சிறிதாக இருந்தால் ஒரு கோப்பை எடுக்க இன்னொன்றை மூடி ரெக்கார்டு ரூமில் வைத்துவிட்டு வர வேண்டும். கிளார்க் எவ்வளவு சூரராக இருந்தாலும் பாதி நாள் நடையிலேயே போய்விடும். பார்க்கிறவர்கள் கிளார்க்குக்கு வயதாகிவிட்டது என்பார்கள். அவர் உட்கார்ந்து எழுதியது ஒரு மணி நேரம், நடந்தது ஏழு மணி நேரம் என்பதை யார் பார்க்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

கூட்டம் என்னிடம் ஒரு வாரத் தவணை கொடுத்தது. எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியாது. ஆனால் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறான். தாராவியில் பிறந்து வளர்ந்த நம் பையன்தான். பாதி தமிழ், பாதி இந்தியில் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனைக் கூட்டி வந்தேன்.

அவன் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் செயலாளரிடம் கேள்வி கேட்டான். "எப்பயிலிருந்து மெதுவாச்சு அங்கிள்? ஒரே நாள்ல ஆச்சா, கொஞ்சம் கொஞ்சமா ஆச்சா? திறக்கும்போது மட்டுமா, எப்பவுமா? அரை மணி நேரம் ஓடின பிறகு இன்னும் மோசமாகுதா? இன்டர்நெட் பார்க்கும்போது மட்டுமா, கணக்குப் பார்க்கும்போதுமா?"

இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. நம்மவர்களில் பலர் இன்டர்நெட் லைன் மெதுவாக இருப்பதையும் கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். லைன் மெதுவாக இருந்தால் கோடி ரூபாய்க் கம்ப்யூட்டரும் ஓடாது. சோதிப்பது சுலபம். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, உள்ளேயே இருக்கும் ஒரு கணக்கு ஷீட்டையோ போட்டோவையோ திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. லைன்காரரைக் கேளுங்கள்.

எங்கள் சங்கத்தில் கணக்கு ஷீட்டே ஆமையாக நகர்ந்தது. கடந்த நாலைந்து மாதமாகத்தான் மோசம் என்றும், அதற்கு முன்பு இரண்டு ஆண்டாகவே கொஞ்சம் மந்தம் என்றும் செயலாளர் யோசித்துச் சொன்னார். இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம் என்றான் பையன்.

பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அமுக்கினான். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு கட்டம் வந்தது. சிறிதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அமுக்க வேண்டும். இதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் சும்மா கிடக்கிறது. சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசை வரிசையாக, எது எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று காட்டும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பார்க்கக் கூடாதாம். முதல் பத்து நிமிடம் விண்டோஸ் தன் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். அது அடங்கிய பிறகு, நாம் அன்றாடம் செய்யும் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். சி.பி.யு. 9 சதவீதம். மெமரி 88 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். அந்த நூறு இறங்கவே இல்லை.

அதாவது கிளார்க் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். மேசை நிரம்பி வழிகிறது. ரெக்கார்டு ரூம் வாசலில் கியூ நிற்கிறது. கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால், சும்மா உட்கார்ந்திருந்த கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னும் வேகமான ஒரு கிளார்க்குக்கும் சேர்த்து நாம் சம்பளம் கொடுத்திருப்போம்.

டிஸ்க் எதனால் நூறு?

ஹார்டு டிஸ்க் என்பது பழைய கிராமபோன் போன்ற யந்திரம். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுழல்கிறது. லேப்டாப்பாக இருந்தால் பெரும்பாலும் 5,400. ஒரு முள் அங்குமிங்கும் ஓடி எழுத்தைப் பொறுக்குகிறது. அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும் சிறு துண்டுகளைப் பொறுக்குவதென்றால் நொடிக்கு நூறு தடவை அளவில்தான் அதனால் முடியும். இதற்குப் பதிலாக இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். பழைய கம்ப்யூட்டருக்கும் புதிய கம்ப்யூட்டருக்கும் கண்ணில் படுகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பொருளால் வருவது. புதியதை வாங்கிப் போட்டதும் பறக்கிறது என்கிறார்களே, அது பெரும்பாலும் உள்ளே எஸ்.எஸ்.டி. இருப்பதால்தான்.

ஆனால் எங்கள் டிஸ்க் முதல் ஏழெட்டு ஆண்டு ஒழுங்காகத்தானே ஓடியது? அங்கேதான் அந்த இரண்டு நோய்கள்.

முதல் நோய், சுமை. 2014-ல் 4 ஜி.பி. மெமரி தாராளம். இன்று ஒரு பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைத்தாலே அது தீர்ந்துவிடும். பக்கங்கள் எல்லாம் படமும் விளம்பரமுமாகக் கனத்துவிட்டன. மேசை நிரம்பியதும் விண்டோஸ் மேசையில் கிடப்பதை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுக்கிறது. மெமரி பற்றாக்குறை டிஸ்க் மேல் விடிகிறது. போதாததற்கு, கம்ப்யூட்டர் திறந்தவுடன் தானாக எழுந்து நிற்கும் அழையா விருந்தாளிகள் பதினேழு பேர் இருந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில் பட்டியல் இருந்தது. இரண்டு ஆன்டிவைரஸ் (ஒன்றை ஒன்று சந்தேகித்துக்கொண்டு), தூக்கிப் போட்ட பிரிண்டரின் உதவியாளர், மூன்று பிரவுசரின் எடுபிடிகள், யாரோ பையன் போட்டு வைத்த ஒரு விளையாட்டு. பையன் ஒவ்வொன்றாக நிறுத்தினான். ஒரு ஆன்டிவைரஸை எடுத்தே விட்டான். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று யாரோ ஏற்றி வைத்திருந்த ஒரு 'கிளீனர்' சாப்ட்வேரும் கிடந்தது. மெதுவாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு என்று சொல்லி அதையும் எடுத்தான். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. திறக்க ஆன ஏழு நிமிடம் ஐந்தானது.

இரண்டாவது நோய்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. பையன் பென் டிரைவில் கொண்டு வந்திருந்த ஓர் இலவச சாப்ட்வேரை ஓட்டினான். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்ளுமாம். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டும் சாப்ட்வேர் அது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. தட்டின் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தன. கெட்ட இடத்தில் எழுத்தைப் படிக்க முடியாமல் முள் திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியில்தான் எல்லாம் நின்று நின்று போகிறது.

"அங்கிள், இது ஸ்லோ இல்ல. இது சாகப் போகுது. முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுங்க. அப்புறம்தான் வேற பேச்சு" என்றான்.

அறை ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. எத்தனை குடும்பங்களின் பதிவு, எத்தனை ஆண்டுச் சந்தாக் கணக்கு! அதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது. நாங்கள் நாலு மாதமாக அதைத் திட்டிக்கொண்டும், அடிக்கடி சுவிட்சை அணைத்துப் போட்டுக்கொண்டும் இருந்தோம். சுவிட்சை அப்படி அணைப்பது, படுக்கையில் கிடப்பவனை எழுப்பி ஓடவிடுவது போலத்தான்.

இங்கே இன்னொருவர் கதையைச் சொல்ல வேண்டும். சயானில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த என் நண்பர் ஒருவருக்கு 2022-ல் இதே நிலை. லேப்டாப் மெதுவாகிறது, 'டிக் டிக்' என்று சத்தம் வேறு வருகிறது. சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார். ஒருநாள் காலையில் திறக்கவே இல்லை. ஆறு கல்யாணத்துப் படங்கள் போயின. அதில் ஒரு வீட்டில் மணப்பெண்ணின் தகப்பனார் கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் இறந்துபோனவர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் அந்த வீட்டாரின் முகத்தில் விழிக்க முடியவில்லை என்றார் நண்பர். மெதுவாவது சில சமயம் வெறும் தொந்தரவு. சில சமயம் அது முன்னறிவிப்பு. எது என்று பார்த்தால்தானே தெரியும்? பழசு என்று சொல்லி வாயை மூடிக்கொள்வதில் இருக்கிற ஆபத்து பணம் மட்டும் அல்ல.

சூடும் தூசியும்

காப்பி எடுத்து முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது. அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தான். உள்ளே பார்த்தால் ஒரு சிட்டுக் குருவிக் கூடு கட்டும் அளவுக்குத் தூசி. கீழே சாலையில் எப்போதும் வண்டி ஓட்டம், பக்கத்துப் பட்டறைத் தூள், நாலு மாத மழைக்கால ஈரம். எல்லாம் சேர்ந்து பிராசசர் மேல் உள்ள மின்விசிறியின் இடுக்குகளைக் களி போல அடைத்திருந்தது.

வெயில் காலத்தில் தண்டவாளம் விரியும். ஆபத்து வராமல் இருக்கச் சில இடங்களில் வண்டி வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வோம். பிராசசரும் தனக்குத் தானே அப்படி ஒரு காஷன் ஆர்டர் போட்டுக்கொள்கிறது. சூடு ஓர் அளவைத் தாண்டினால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் முடங்கும் கம்ப்யூட்டர், விசிறி விமானம் போல இரையும் லேப்டாப் என்றால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். எங்கள் கேஸில் இது முக்கியக் குற்றவாளி அல்ல, உடந்தை மட்டும். பிளோயரால் ஊதினான். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று கெட்டுப்போகும். பிராசசருக்கும் அதன் மேல் உள்ள உலோகத் துண்டுக்கும் நடுவே காய்ந்து போயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய பசை தடவினான்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தை மேல் வைத்து வேலை பார்க்காதீர்கள். கீழே உள்ள காற்றுத் துவாரம் அடைபடும். சார்ஜர் கெட்டுப்போய் மட்டமான மாற்று ஒன்றை வாங்கிய நாளிலிருந்து மெதுவாகிவிட்டது என்றால், சந்தேகத்தைச் சார்ஜர் மேல் வையுங்கள். போதிய மின்சாரம் வராவிட்டால் சில லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி உப்பித் தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். அன்றே நிறுத்திவிடுங்கள். அது தீப்பிடிக்கக் கூடிய சமாசாரம்.

இன்னும் ஒன்று. எதுவும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே சி.பி.யு. தொண்ணூறு, நூறு என்று நின்றால், யாரோ வெளியார் நம் கம்ப்யூட்டரில் தங்கள் வேலையை ஓட்டிக்கொண்டிருக்கலாம். வைரஸ் சோதனை செய்ய வேண்டிய இடம் அது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று திரையில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதுதான் திருடன்.

மொத்தம் 3,050 ரூபாய்

மறுவாரம் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 1,750 ரூபாய்க்கு வாங்கினோம். பழைய 4 ஜி.பி.யோடு சேர்த்துப் போட இன்னொரு 4 ஜி.பி. மெமரி, உபயோகித்தது, 600 ரூபாய். பசையும், உள்ளே கடிகாரத்துக்கான பொத்தான் செல்லும் 200. (அந்தச் செல் தீர்ந்திருந்ததால்தான் தேதி பின்னுக்குப் போய், சில இணையப் பக்கங்கள் திறக்க மறுத்திருக்கின்றன. அதற்கும் வயதைத்தான் காரணம் சொல்லியிருந்தோம்!) பையன் கூலி வேண்டாம் என்றான். பொருளாளர் வற்புறுத்தி 500 கொடுத்தார். அவர் காசை எடுத்து வலியக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். ஆக 3,050.

பொத்தானை அமுக்கினால் முப்பது விநாடியில் திறந்தது. செயலாளர் டீ குடிக்கப் போக நேரமில்லாமல் போயிற்று.

விலை அன்றைய விலை என்பதை மறக்க வேண்டாம். 2025 கடைசியிலிருந்து மெமரி விலையும் எஸ்.எஸ்.டி. விலையும் ஏறிவிட்டன. வாங்குமுன் நாலு கடை விசாரியுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை மெமரியை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். ஒரு வகை மற்றொன்றில் பொருந்தாது.

கடைக்காரர் சொன்னதிலும் உண்மை உண்டு

இத்தனை சொல்லிவிட்டு, பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சோதித்தால் அவர்களுக்குக் கிடைப்பது 300 ரூபாய். புதியது விற்றால் கிடைப்பது அதிகம். நாமும் சோதனைக்குக் காசு கொடுக்க மூக்கால் அழுகிறோம். பிறகு அவர்கள் ஏன் நாடி பார்ப்பார்கள்?

2025 அக்டோபரில் அந்தக் கடைக்காரரே மீண்டும் வந்தார். இம்முறை அவர் பேச்சில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதன் பிறகு தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓர் ஆண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் கேட்கிறார்கள். அந்தத் தலைமுறை 2017-ல்தான் வந்தது. எங்கள் 2014 மாடல் அந்த வாசலில் நுழைய முடியாது.

இது மெதுவாவதைப் பற்றிய விஷயம் அல்ல, பாதுகாப்பைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. வேகமாக ஓடுகிறது என்பதற்காகத் திருத்தம் வராத விண்டோஸில் பாங்கு வேலை பார்ப்பது, நல்ல கதவு போட்டுவிட்டுப் பூட்டாமல் தூங்குவதற்குச் சமம்.

நாங்கள் மறுபடியும் கூட்டம் போட்டோம். பையனும் வந்தான். லினக்ஸ் மின்ட் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது, முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் போட்டுக்கொள்ளலாம் என்றான். எங்களுக்கு வேண்டியது என்ன? பட்டியல், கணக்கு, கடிதம், ரசீது. அதற்கெல்லாம் அதில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழிலும் அடிக்கலாம். 2025 நவம்பரில் மாற்றினோம். முதல் ஒரு மாதம் செயலாளர் என்னைத் திட்டாத நாளில்லை. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். இப்போது அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

எல்லாருக்கும் இது ஒத்து வராது. டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு விண்டோஸ்தான் வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இன்ன சாப்ட்வேர் என்று சொல்லிவிட்டால் அதைத்தான் போட வேண்டும். போர்டே கெட்டுப்போன கம்ப்யூட்டர், புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவு வைக்கும் ரிப்பேர், இவற்றுக்கெல்லாம் நானும் புதியது வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் கேட்டு வந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேருக்கு அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவர்களுக்கு இன்ன காரணத்தால் என்று தெரிந்து வாங்கினார்கள். கடனுக்கு வாங்கினாலும் கண் திறந்து வாங்கினார்கள்.

பழையதைக் கடைக்காரரிடம் மாற்றுக்குக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். எங்கள் பழையதை 1,500 ரூபாய்க்குக் கேட்டாரே, அதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருடைய ஆதார் நகலும், கல்வி உதவிக்குக் கொடுத்த பாங்கு பாஸ்புக் நகலும் இருந்தன. கோப்பை அழித்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஹார்டு டிஸ்க்கில் அழித்ததை மீட்டெடுக்க லாமிங்டன் ரோட்டில் ஆள் இருக்கிறார்கள். அதுவே ஒரு தொழில். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுதான் பெட்டியைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பழைய டிஸ்க்கைப் பொருளாளர் அண்ணாச்சி பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில், சங்கத்தின் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார். சாவி அவர் இடுப்பில். மாதம் முதல் ஞாயிறு கணக்கு முழுவதையும் ஒரு தனி டிஸ்க்கில் காப்பி எடுத்துச் செம்பூரில் உள்ள உபதலைவர் வீட்டில் வைப்பது என்று தீர்மானமும் போட்டாயிற்று. 2024 ஜூனில் பள்ளி திறந்தபோது எப்போதும் போல நோட்டுப் புத்தகம் கொடுத்தோம்.

வரும் மாதக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்திருக்கிறது. மூன்றாவது விஷயம் பிரிண்டர். ரசீது ஒன்று வெளியே வர இரண்டு நிமிடம் ஆகிறதாம். பழசாகிவிட்டது என்கிறார் செயலாளர்.